ஒசாகா கோட்டை: மூட்டுவலி உள்ள அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஏப்ரல் முதல் வாரத்தில் அம்மாவுடன் ஜப்பானின் ஒசாகா நகருக்குச் செல்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி, ஆனால் ஒரு கோட்டையையாவது பார்த்தே தீர வேண்டும் என்கிறார்.

ஜப்பானின் இன்னொரு நகரான ஹிமேஜியில் உள்ள கோட்டை பழைய மரக்கட்டடம். காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு செங்குத்தான மரப்படிகளில் ஏற வேண்டும், அம்மாவால் முடியாது. ஒசாகா கோட்டையின் பழைய கோபுரம் 1665இல் இடி விழுந்து எரிந்துபோயிற்று. இப்போது நிற்பது 1931இல் நகர மக்களின் நன்கொடையில் எழுந்த கான்கிரீட் கோபுரம். “லிஃப்ட் வைத்த கோட்டையெல்லாம் கோட்டையா?” என்று அலுவலக நண்பர் சிரிக்கிறார். சிரிக்கட்டும், எங்களுக்கு அந்த லிஃப்ட்தான் தெய்வம்.

அதில்தான் சந்தேகம். பொதுப் பார்வையாளர்களுக்கு லிஃப்ட் ஐந்தாம் தளம் வரைதானாம். எட்டாம் தளத்துக்குப் படியேற வேண்டுமாம். சக்கர நாற்காலி இல்லாமல் கைத்தடியோடு வரும் முதியவர்களை லிஃப்டிலேயே மேலே விடுகிறார்களா? செர்ரி மலரும் நாட்களில் வரிசை எவ்வளவு நீளும்? பூங்காவுக்குள் ஓடும் சிறு வண்டி கோபுரத்துக்கு எவ்வளவு அருகில் இறக்கிவிடும்? ஒசாகாஜோகோயென், தானிமாச்சி யோன்ச்சோமே, இந்த இரண்டு நிலையங்களில் எங்கிருந்து ஏற்றம் குறைவு?

எனக்குக் கோபுரத்தைவிட மதில்தான் முக்கியம். சகுரா வாயிலை ஒட்டி, சுமார் 108 டன் எடை என்று கணிக்கப்படும் ‘ஆக்டோபஸ் கல்’ என்ற பெரிய மதில் கல் இருக்கிறது. அதன் எதிரே அம்மா உட்கார நிழலும் இருக்கையும் உண்டா? அண்மையில் போய்வந்தவர்கள் சொன்னால் டிக்கெட்டை முன்பதிவு செய்துவிடுவேன்.