புளூபேர்ட் பெட்டியில் குருவி புகுந்துவிட்டது, அவசரம்

கார்த்தி_நியூஜெர்சி: பின்கட்டில் புளூபேர்டுக்காக (பொந்தில் கூடு கட்டும் சின்ன நீலப் பறவை) வைத்த கூட்டுப் பெட்டியைக் குருவி பிடித்துக்கொண்டது. புளூபேர்ட் ஜோடி வந்து வந்து திரும்பிப் போகிறது. தீனி போடும் ஃபீடரிலும் இதே கூட்டம்தான். எப்படி விரட்டுவது?

மலர்விழி: எந்தக் குருவி? இங்கே பல வகை உண்டு. சாங் ஸ்பாரோ போன்ற உள்நாட்டுக் குருவிகளைத் தொடக்கூடாது, சட்டம் இருக்கிறது. ஆணுக்குத் தொண்டை கறுப்பா? முட்டை இருக்கிறதா?

ராலே_தாத்தா: எல்லாம் பெட்டியின் வாசல் ஓட்டைதான் தம்பி. 1⅛ அங்குலமாக்குங்கள், குருவி நுழையாது.

மலர்விழி: புளூபேர்டும் நுழையாதே ஐயா! அதற்கு 1½ வேண்டும். நீங்கள் சொல்வது ரென், சிக்கடி மாதிரி இன்னும் சின்னப் பறவைகளுக்குத்தான் சரி.

பறவைப்பித்தன்: வருடா வருடம் இதே கேள்வி. தேடிப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. என்ன தீனி என்றாவது எழுதக்கூடாதா? பனிவரகும் உடைத்த சோளமும் போட்டால் குருவி வராமல் கருடனா வரும்? சாஃப்ளவர் (குசும்பா) விதைக்கு மாறுங்கள்.

செல்வி_சென்னை: நாங்கள் மார்ச் 20 குருவி தினத்துக்கு அட்டைப்பெட்டி கட்டி வா வா என்கிறோம். நீங்கள் விரட்ட வழி தேடுகிறீர்கள். பாவமாக இல்லையா?

மலர்விழி: இங்கே அது 1850களில் புரூக்ளினில் கொண்டுவந்து விட்டது அக்கா. பெட்டிக்குள் புகுந்து புளூபேர்ட் முட்டையை உடைக்கும், தாயையே மண்டையில் கொத்திக் கொல்லும்.

செல்வி_சென்னை: நீங்களும் கொண்டுவந்து விட்டவர்கள்தானே!

ராலே_தாத்தா: ஊரில் குருவி போனதே செல்போன் டவரால்.

பறவைப்பித்தன்: டவர் கதை நிரூபணம் ஆனதே இல்லை. பெட்டிக்கு வருவோமா?

கார்த்தி_நியூஜெர்சி: தொண்டை கறுப்புதான். ஓட்டை 1½. உள்ளே காய்ந்த புல், இறகு, ஒரு மிட்டாய்க் காகிதம் எல்லாம் கூரை வரை திணித்திருக்கிறது. ஐந்து முட்டை, வெள்ளையில் பழுப்புப் புள்ளி. எடுக்கலாமா?

மலர்விழி: அப்படியானால் ஹவுஸ் ஸ்பாரோவேதான், நம் ஊர்ச் சிட்டுக்குருவி. பறவைகளைக் காக்கும் 1918 கூட்டாட்சிச் சட்டம் அதைக் காப்பதில்லை. மாநில விதியையும் பார்த்துவிடுங்கள். கூட்டை மட்டும் கலைத்தால் ஆண் பெட்டியை விடாது, திரும்பக் கட்டும். எடுத்த கையோடு ஓட்டையை அடைத்து, பெட்டியை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வெட்டவெளியில் நடுங்கள். புளூபேர்ட் முதல் முட்டை இட்டதும் கூரைக்கு மேல் பளபளக்கும் மைலார் (பிளாஸ்டிக் தாள்) நாடாக்களைத் தொங்கவிடுங்கள், நுனி கூரையை உரச வேண்டும். முன்னாலேயே கட்டினால் புளூபேர்டும் மிரண்டுவிடும்.

கார்த்தி_நியூஜெர்சி: எடுத்தாச்சு, அடைத்தாச்சு. அந்த ஆண் இப்போது துணி உலர்த்தும் டிரையரின் வெளிக்காற்றுக் குழாயில் புல் திணிக்கிறது.

ராலே_தாத்தா: வலை அடித்துவிடுங்கள்.

மலர்விழி: ஐயோ வேண்டாம், வலையில் துணிப்பஞ்சு அடைத்துத் தீப்பிடிக்கும். தானே மூடும் மடிப்பு மூடி வாங்குங்கள்.

பறவைப்பித்தன்: டிரையர் பற்றிப் பேசத் தனி உரையாடல் இழை தொடங்கவும்.