குடியே கிடையாது, ஸ்கேனில் ஃபேட்டி லிவர். அம்மாவின் கீழாநெல்லி போதுமா?

கணக்குப்பிள்ளை44:
திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வயது 44. பீர்கூட வாயில் வைத்ததில்லை. போன வாரம் எடுத்த ஸ்கேனில் 'கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 1' என்று வந்தது, அதாவது ஆரம்ப நிலை. கல்லீரல் பாதித்தால் ரத்தத்தில் ஏறும் எஸ்ஜிபிடி என்ற நொதி 78, அளவுக்கு மேல். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வீட்டுக்காரம்மா கேட்ட முதல் கேள்வி, "எனக்குத் தெரியாம குடிக்கிறீங்களா?" அம்மா வரப்பில் கீழாநெல்லி பிடுங்கி வந்து, அரைத்து மோரில் கலக்கித் தினமும் காலையில் நீட்டுகிறார். வலி, காமாலை எதுவும் இல்லை. இதுவே போதுமா?

சும்மாசுப்பு:
கிரேடு 1 இப்போ பாதிப் பேருக்கு இருக்குங்க. கண்டுக்காதீங்க.

மேட்டுப்பாளையத்தான்:
அப்படிக் கண்டுக்காமல் 3 வருடம் ஓட்டியவன் நான். வலித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். கல்லீரல் வலித்துக் காட்டிக்கொடுக்கும் உறுப்பு இல்லை. அப்புறம் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தபோது தழும்பு விழ ஆரம்பித்திருந்தது. டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன் கேட்டது, "நாளைக்கு எத்தனை டீ?" ஆறு. டீக்கு 2 ஸ்பூன் என்றால் 12 ஸ்பூன் சர்க்கரை. கூடவே வர்க்கி, இரவு பத்து மணிக்கு பரோட்டா. செலவழியாத சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக்கி வைத்துக்கொள்கிறது. சாராயமே தேவையில்லை.

எடையில் 5 சதவீதம் இறங்கினாலே கொழுப்பு குறையும், 7 முதல் 10 இறங்கினால் வீக்கமும் ஆறும் என்றார். 86 கிலோவிலிருந்து 79க்கு வர 9 மாதம் ஆனது. பட்டினி கிடக்கவில்லை. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்தேன், தினமும் முக்கால் மணி நேரம் வேர்க்க வேர்க்க நடந்தேன். எஸ்ஜிபிடி 34க்கு வந்துவிட்டது. உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்றும் பாருங்கள், இரண்டும் அடிக்கடி ஜோடியாக வரும்.

லேப்_அக்கா:
கீழாநெல்லிக்கு ஒரு கதை உண்டு. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள்: கீழாநெல்லி சாப்பிட்ட, ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் உடம்பில் தங்கிவிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைந்தது என்று. வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அதுவும் வைரஸுக்குத்தான், உங்கள் கொழுப்புக்கு இல்லை. எஸ்ஜிபிடி ஏறியிருக்கும்போது பச்சிலை, சூரணம் எது எடுத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கொரோனா சமயத்தில் சீந்தில் கஷாயம் குடித்துக் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஹெபடைடிஸ் பி, சி டெஸ்ட் ஒருமுறை எடுத்துவிடுங்கள். பி இல்லையென்றால் தடுப்பூசி போடலாம். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று.

கணக்குப்பிள்ளை44:
நன்றிங்க. இன்றைக்கு உட்கார்ந்து எண்ணினேன், ஏழு டீ! ஊருக்கே கணக்குப் பார்க்கிறேன், இதைப் பார்க்கவில்லை. சாயங்காலம் டீ கொண்டுவந்த பையனிடம் சர்க்கரை வேண்டாம் என்றேன். "ஏண்ணா, சுகரா?" என்று ஆபீஸே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கேட்டான். அம்மாவிடம் சொல்லி வெறும் மோருக்குச் சம்மதிக்க வைப்பதுதான் பாக்கி.