மறுமொழி: 'குடிநோய்' போதாது, 'மதுப்பிணிப்பு' என்று ஒரு முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் நான் செவிலியராக இருக்கும் கல்லீரல் வார்டில் நோயாளிகளுக்கான கையேடு ஒன்று தயாராகிறது. குடியைக் கட்டுப்படுத்த முடியாமல் போகும் நோய்க்கு (ஆங்கிலத்தில் 'ஆல்கஹால் யூஸ் டிஸார்டர்') அதில் எழுத ஒரு தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். சென்னை மருத்துவர் 'மதுப் பயன்பாட்டுக் கோளாறு' என்றார். ஈப்போ ஆசிரியர் 'மது அடிமை நோய்' என்றார். யாழ்ப்பாணத்து அம்மையார், 'குடிநோய்' இருக்கும்போது புதிய சொல் எதற்கு என்று கேட்டார். மூவருக்கும் நன்றி. மூன்று சொற்களையும் இரண்டு வாரம் வார்டில் நோயாளிகளிடம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் 'குடிநோய்'. எனக்கும் பிடித்த சொல்தான். சின்னது, நம் வாயில் வருவது. ஆனால் ஒரு மாலையில் அதன்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், வயது ஐம்பதைக் கடந்தவர். வயிற்றில் கோத்திருந்த நீரை அன்று காலைதான் எடுத்திருந்தோம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து மைலோவை ஆற்றிக்கொண்டிருந்தார். 'உங்களுக்குக் குடிநோய் இருக்கிறது, அதற்கும் சிகிச்சை உண்டு' என்றேன். அவர் தலையை ஆட்டினார். 'ஆமாம் மிஸ்ஸி, குடித்ததால் வந்த நோய்தானே. ஈரல் தேறினால் இதுவும் போய்விடும். அதற்குப் பிறகு அளவாகக் குடித்துக்கொள்கிறேன்.' கல்லீரல் பிரிவுக்கு ஒன்று, மனநலப் பிரிவுக்கு ஒன்று என்று இரண்டு அட்டைகள் கொடுத்திருந்தோம். இரண்டாவதை நான்காக மடித்து மனைவியின் பைக்குள் திணித்துவிட்டார். ஒரே நோய்க்கு எதற்கு இரண்டு அட்டை?

அவர் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. சொல்லே இரண்டு பக்கமும் போகிறது. நாம் 'குடியாகிய நோய்' என்று இருபெயரொட்டாக விரிக்கிறோம். அவர் 'குடியால் வந்த நோய்' என்று மூன்றாம் வேற்றுமைத் தொகையாக விரித்தார். இலக்கணப்படி அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இன்னொரு நோயாளியின் தாயார் கேட்டது இதைவிடக் கலங்க வைத்தது: 'குடிநோய் என்றால் எங்கள் குடியிலேயே வருகிறதா அம்மா?' வேறு எந்தத் துறையிலும் இந்த மயக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். கல்லீரல் வார்டில் முடியாது. இங்கே ஒரே ஆளிடம் இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பினால் மற்றது அவரைத் திரும்ப இங்கேயே கொண்டுவந்து சேர்க்கும்.

இரண்டுக்கும் மருந்துகளே வேறு. குடியை விடுவதற்கென்று பல்லாண்டுகளாகக் கொடுக்கப்பட்ட டைசல்ஃபிராம் கல்லீரலையே தாக்கக்கூடியது. எனவே இவர்களுக்குத் தவிர்க்கிறார்கள். நால்ட்ரெக்ஸோன் வேட்கையைத் தணிக்கும், ஆனால் கல்லீரல் மிகவும் தளர்ந்துவிட்ட நிலையில் அதைக் கொடுக்க மருத்துவர்கள் தயங்குவார்கள். அகாம்ப்ரோசேட் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால் கல்லீரலுக்குச் சுமையில்லை. சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பேக்லோஃபென்னைக் கல்லீரல் இழைநார் வளர்ச்சி (சிரோசிஸ்) உள்ளவர்களுக்கே கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. குடியை நிறுத்த அது உதவியது. ஆனால் கல்லீரல் நோயால் ஏற்கெனவே அறிவு மங்கியிருப்பவருக்கு அது மயக்கத்தைக் கூட்டிவிடும். இவற்றோடு ஆற்றுப்படுத்தலும் (கவுன்சிலிங்) சேர வேண்டும். இத்தனையையும் நோயாளியிடம் விளக்க வேண்டுமானால், கல்லீரலுக்கு வெளியே நிற்கும் ஒரு பெயர் அந்த இரண்டாவது நோய்க்கு வேண்டும்.

'அடிமை' வேண்டாம் என்று ஈப்போ ஆசிரியரை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். அது நோயின் பெயராக நிற்பதில்லை, உடனே ஆளின் பெயராகிவிடுகிறது. அதிலும் நம் மண்ணில். என் தாத்தா கெடா மாநிலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்த காலம் அது. 1940களின் பிற்பகுதியில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படையினர் அந்தக் கடைகளுக்கு எதிராகப் போராடியதை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர்களின் பேரனைக் கட்டிலில் படுக்கவைத்து 'நீ அடிமை' என்று அச்சடித்த தாளை நான் கொடுக்க மாட்டேன். உலக அளவிலும் இதே எண்ணம்தான் ஓங்கி வருகிறது. 2023இல் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் கூடிக் கொழுப்புக் கல்லீரல் நோய்களின் பெயர்களை மாற்றியபோது, 'ஆல்கஹாலிக்', 'ஃபேட்டி' என்ற சொற்கள் நோயாளியைக் கூசச் செய்கின்றன என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள்.

'பயன்பாட்டுக் கோளாறு' மூலத்துக்கு மிக நெருக்கமானது, மறுக்கவில்லை. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டில் தீய பயன்பாடு, சார்பு என்று தனித்தனியாக இருந்த இரண்டையும் ஒன்றாக்கியது. பதினொரு அறிகுறிகளில் குறைந்தது இரண்டு ஓராண்டுக்குள் இருந்தால் இந்நோய். இரண்டு மூன்று என்றால் இலேசானது, நான்கு ஐந்து நடுத்தரம், ஆறும் அதற்கு மேலும் கடுமையானது. ஆய்வுக் கட்டுரைக்கு அந்தச் சொல் இருக்கட்டும். வார்டில் அது எடுபடவில்லை. கோளாறு என்றால் இங்கே வயிற்றுக் கோளாறு. இரண்டு நாளில் சரியாகிவிடும்.

என் முன்மொழிவு: மதுப்பிணிப்பு.

பிணி என்றால் நோய். பிணித்தல் என்றால் கட்டுதல். வள்ளுவர் 'கேட்டார்ப் பிணிக்கும்' என்று சொல்வது இந்தப் பொருளில்தான். கட்டு, நோய் இரண்டையும் ஒரே வேரில் வைத்திருப்பது நம் மொழி. நம் மலாய் அண்டை வீட்டார் 'கெத்தாகிஹான்' என்பார்கள். அதற்குள் இருக்கும் 'தாகே' என்ற சொல், கடனைக் கேட்டு வாசலில் நிற்பதற்கும் வழங்குகிறது. குடியை அவர்கள் கடன்காரனாகப் பார்த்தார்கள், நாம் கட்டாகப் பார்ப்போம். கட்டு இலேசாகவும் இருக்கலாம், இறுகவும் செய்யலாம். ஆகவே மூன்று நிலைகளும் பொருந்திவிடுகின்றன. ஆளைக் குறிக்க 'மதுப்பிணிப்பு உள்ளவர்' என்றுதான் எழுத முடியும், வசைச்சொல்லாகத் திரியாது. அந்த லாரி ஓட்டுநரின் மனைவியிடம் இதைச் சொன்னேன். 'பிணிப்பா? கட்டிப் போட்டிருக்கிறதா?' என்று கேட்டார். விளக்கம் சொல்லும் வேலையே எனக்கு இல்லாமல் போயிற்று. பைக்குள்ளிருந்து அந்த அட்டையை எடுத்து, முழங்கால்மேல் வைத்து மடிப்பை நீவிவிட்டார்.

இது 'சார்பு' என்ற பழைய கருத்தின் பக்கம் சாய்கிறது என்று சென்னை மருத்துவர் சொல்லக்கூடும். உண்மைதான், கொஞ்சம் சாய்கிறது. நோயாளிக்குப் புரிவதற்காக அந்தச் சாய்வை ஏற்கிறேன்.

இன்னொரு சொல்லுக்கும் உதவி தேவை, இது இன்னும் அவசரம். நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாட்களில் பிதற்றலும் நடுக்கமும் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் இதற்குக் கொடுக்கும் மருந்திலும் கல்லீரலைப் பார்த்தே தேர்வு செய்கிறார்கள். உடலில் நெடுநேரம் தங்கும் டயாஸெபாமைவிட லோரஸெபாமை விரும்புகிறார்கள். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு அன்றே அடியோடு நிறுத்திவிடும் நல்ல மனம் கொண்டவர்களுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். 'விலகல் அறிகுறிகள்' என்று எழுதினால் யாருக்கும் அச்சம் வருவதில்லை. 'நிறுத்தக்குறி' என்றால் முற்றுப்புள்ளி நினைவுக்கு வருகிறது. நான் இப்போதைக்கு 'கட்டவிழ் குறிகள்' என்று எழுதி வைத்திருக்கிறேன். பிணிப்போடு பொருந்துகிறது, ஆனால் கட்டு அவிழ்வது நல்ல செய்தியாயிற்றே, அதில் ஆபத்து தொனிக்குமா என்ற ஐயம் விடவில்லை.

கையேடு அடுத்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'மதுப்பிணிப்பு' குறித்து மறுப்பு இருந்தால் புதனுக்குள் எழுதுங்கள். கட்டவிழ் குறிகளுக்கு மாற்று கிடைத்தால் நள்ளிரவானாலும் எழுதுங்கள், இந்த வாரம் எனக்கு இரவுப் பணிதான்.