உச்சி வெயிலில் சிண்டில்லோமீட்டர் பாதிகூடக் காட்டவில்லை, உதவி வேண்டும்

கரிசல்மாணவன்:
வணக்கம். மானாவாரிக் கரிசல் நிலத்தில், தரையிலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பத்தை அளக்க 15 செ.மீ. லென்ஸ் உள்ள சிண்டில்லோமீட்டர் (தூரத்துக்கு ஒளி அனுப்பி, வழியில் அது துடிப்பதை வைத்து வெப்பத்தைக் கணக்கிடும் கருவி) வைத்திருக்கிறேன். அகச்சிவப்பு ஒளி, தூரம் 3 கி.மீ., கதிர் தரையிலிருந்து 6 மீட்டர். காலையில் ஒழுங்காக ஏறுகிறது. 10 மணிக்கு மேல் சதுர மீட்டருக்கு 110 வாட் பக்கத்தில் வந்து, மூன்று மணிவரை மேசை போல் தட்டையாக நிற்கிறது. காற்றின் சுழல்களை அளந்து அதே வெப்பத்தைச் சொல்லும் பக்கத்து எடி கோவேரியன்ஸ் கோபுரம் 300 காட்டுகிறது. இன்னொன்று, ராத்திரியிலும் 30 வாட் மேல்நோக்கிப் போகிறதாம். லென்ஸைத் துடைத்துவிட்டேன், மாற்றமில்லை.

தென்காற்று:
கம்பம் ஆடுகிறதா பாருங்கள். எங்களுக்கு அதுதான் பிரச்சினை.

கானல்நீர்:
தம்பி, கம்பம் ஆடினால் ஒளியின் துடிப்பு கூடும், அளவும் கூடும். உங்களுக்குக் குறைகிறது. தூசியும் காரணமில்லை. கருவி பார்ப்பது ஒளி எவ்வளவு வருகிறது என்பதை அல்ல, எவ்வளவு துடிக்கிறது என்பதை. இது செறிவடைதல், நாங்கள் பேச்சில் ‘சாச்சுரேஷன்’ என்போம். கொதிக்கும் நிலத்தை ஒட்டி 3 கி.மீ. ஓடும் ஒளி ஓரளவுக்கு மேல் கலங்கிவிட்டால், காற்று இன்னும் கொந்தளித்தாலும் துடிப்பு அதற்கேற்பக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 880 நானோமீட்டர் ஒளிக்கு உங்கள் லென்ஸ், தூரத்தில் சிஎன்² (காற்றின் ஒளிவிலகல் எவ்வளவு கொந்தளிக்கிறது என்று காட்டும் எண்) ஏறக்குறைய 4×10⁻¹⁴ வரைதான் நம்பலாம். 6 மீட்டரில் 300 வாட் என்றால் அது 3×10⁻¹³ பக்கம் போகும். ஏழெட்டு மடங்கு!

கரிசல்மாணவன்:
கையேட்டில் 4.5 கி.மீ. வரை என்று போட்டிருக்கிறதே அண்ணா?

கானல்நீர்:
போட்டிருக்கும், உயரமான கோபுரத்தில் வைத்தால். நெதர்லாந்தின் கபாவில் 9.8 கி.மீ. அளந்தார்கள், ஆனால் லென்ஸ் 31 செ.மீ., கதிர் 40 மீட்டருக்கு மேல். நம்பக்கூடிய சிஎன்² எல்லை தூரத்தின் 8/3 அடுக்கில் சுருங்குகிறது. அதனால் 1 கி.மீ.க்குக் கொண்டுவந்தால் அது 7×10⁻¹³க்கு ஏறிவிடும், 6 மீட்டரே போதும். பாதையின் நடுப்பகுதிக்குத்தான் எடை அதிகம், அங்கே மேடு இருந்தால் அதற்கேற்ற உயரத்தைக் கணக்கில் போடுங்கள். காய்ந்த நிலம் என்பதால், ஈரப்பதத்தின் பாதிப்பை நீக்கும் போவன் விகிதத் திருத்தத்துக்கு மெனக்கெட வேண்டாம்.

ராத்திரி விஷயத்தில் கருவியின் மீது குற்றமில்லை. கொந்தளிப்பு எவ்வளவு என்று சொல்லும், வெப்பம் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லாது. இரண்டு உயரத்தில் வெப்பமானி வைத்து, மேலே சூடாக இருந்தால் மைனஸ் போடுங்கள். அது இல்லையென்றால் விடியலிலும் அந்தியிலும் சிஎன்² விழும் பள்ளத்தைத் தேடுங்கள், திசை மாறுவது அங்கேதான்.

கரிசல்மாணவன்:
ரிசீவரை 1 கி.மீ.க்கு மாற்றி நாலு நாள் ஆயிற்று. நேற்று நண்பகலில் 285, கோபுரத்தில் 305. ரொம்ப நன்றி அண்ணா. பழைய இரண்டு மாத டேட்டாவைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

கானல்நீர்:
முழுக்க வேண்டாம். சிஎன்² 2×10⁻¹⁴க்குக் கீழே உள்ள காலை, மாலை நேரங்களை வைத்துக்கொள்ளுங்கள். எல்லையை ஒட்டிய மதியத் தட்டையை எந்தத் திருத்தம் போட்டும் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.