புதுப்பிப்பு: மூடிய கல்லூரியைப் பழைய மாணவர்கள் திறந்த கதை கிடைத்தது

எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்காக, மூடப்பட்ட கல்லூரியை அங்கே படித்தவர்களே மீட்ட உதாரணம் உண்டா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள ஸ்வீட் பிரையர் மகளிர் கல்லூரியைப் பலர் சொன்னீர்கள். ஆனால் 2015-இல் மூடப்போவதாக அறிவித்தார்களே தவிர, பழைய மாணவிகள் போராடியதால் அது மூடவே இல்லை. கடைசியில் கைகொடுத்தது, "ஆன்டியோக்கைத் தேடுங்க" என்ற ஒற்றை வரிப் பதில்தான்.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து யெல்லோ ஸ்பிரிங்ஸ் ஊரில் இருக்கிறது ஆன்டியோக் கல்லூரி. முதல் தலைவர், கல்விச் சீர்திருத்தவாதி ஹொரேஸ் மான். பணமுடையால் 2008-இல் பூட்டு விழுந்தது. அடுத்த ஆண்டே பழைய மாணவர்கள் நிதி திரட்டி, கல்லூரியை நடத்திவந்த ஆன்டியோக் பல்கலைக்கழகத்திடமிருந்து வளாகத்தையும் கல்லூரிப் பெயரையும் சுமார் 60 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். பெயரையும் சேர்த்து வாங்கியதுதான் சாமர்த்தியம்!

நான் எதிர்பார்க்காதது இரண்டு. கல்லூரி பூட்டிக் கிடந்தபோதும் பழைய ஆசிரியர்கள் ஊருக்குள் கிடைத்த இடங்களில் வகுப்பு நடத்தியிருக்கிறார்கள், பழைய மாணவர்களின் பணத்தில். இன்னொன்று, திறப்பதைவிட அங்கீகாரம் வாங்குவதுதான் பெரும்பாடு. 2011-இல் 35 மாணவர்களோடு திறந்தார்கள். முழு அங்கீகாரம் வந்தது 2016-இல். அங்கீகாரமில்லாத இடத்துக்கு யார் வருவார்கள்? அதனால் முதலில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணமே வாங்கவில்லை.

மலருக்கு இதையே எழுதிக் கொடுத்துவிட்டேன்.