கிட் ‘அலையஸ்’ வசதிக்கு ‘இடுபெயர்’: ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

நிரல் கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டின் கட்டளைகளுக்குப் பயனர் தாமே பெயர் வைத்துக்கொள்ளும் ‘அலையஸ்’ வசதியைத் தமிழில் குறிக்கக் குறுக்குவழி, மறுபெயர், மாற்றுப்பெயர் ஆகிய மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. அவ்வசதி இயங்கும் விதத்தோடு ஒப்பிட்டால், மூன்றுமே சற்று விலகி நிற்பதாக எனக்குப் படுகிறது.

கோப்புகளின் நிலையைக் காட்டும் ‘ஸ்டேட்டஸ்’ கட்டளைக்கு ‘எஸ்டி’ என்று பெயர் வைத்தால், கிட் அதை அமைப்புக் கோப்பில் குறித்துக்கொள்கிறது. பிறகு ‘கிட் எஸ்டி’ என்று எழுதும்போதெல்லாம் அவ்விடத்தில் மூலக் கட்டளை விரிந்து இயங்குகிறது, நாம் கூடுதலாகத் தரும் தெரிவுகளும் அதன் பின்னால் சேர்ந்துகொள்கின்றன. மூலக் கட்டளையின் பெயரும் அப்படியே வழக்கில் இருக்கிறது. ‘கமிட்’ போன்று ஏற்கெனவே உள்ள ஒரு பெயரை வேறொரு செயலுக்கு வைக்க முயன்றால், கிட் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. பொருட்படுத்தினால், அக்கட்டளையை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் நிலைகுலைந்துவிடும்.

ஆகவே ‘மறுபெயர்’ பொருந்தாது. ‘மறுபெயரிடு’ என்பது பழைய பெயரை நீக்கிப் புதியதை வைப்பதற்கு நிலைத்துவிட்ட சொல். கோப்புக்கும் கிளைக்கும் (பணியின் தனித்தடத்துக்கும்) பெயர் மாற்றும்போது கிட்டிலேயே அது தேவைப்படும்.

‘குறுக்குவழி’ விசைச் சேர்க்கைகளுக்கு உரியதாகிவிட்டது. மேலும், இங்கே நோக்கம் எப்போதும் சுருக்கம் அன்று. பதிவதற்கு எடுத்துவைத்த கோப்பை அதிலிருந்து விலக்கும் ‘ரீசெட் ஹெட்’ என்பதற்குப் பலர் ‘அன்ஸ்டேஜ்’ என்று பெயர் வைப்பது, செய்யும் வேலை பெயரிலேயே விளங்க வேண்டும் என்பதற்காகத்தான். வியப்புக்குறியில் தொடங்கும் வரையறையோ, ஷெல் எனப்படும் கணினியின் கட்டளைச் சூழலுக்குரிய கட்டளைகளையே இயக்குகிறது. ஒரு சிறு நிரலையே அதற்குள் எழுதிவிடலாம்.

‘மாற்றுப்பெயர்’ மூன்றிலும் சிறந்தது. அகராதிப்படி அதில் குறையில்லை. ஆனால், மாற்றம், மாற்றியமை, கிளை மாற்று என்று திரையெங்கும் ‘மாற்று’ நிறைந்திருக்கும் ஒரு கருவியில், ‘பெயர் மாற்று’ என்ற கட்டளையும் ‘மாற்றுப்பெயர்’ என்ற பெயர்ச்சொல்லும் அடுத்தடுத்து வந்தால் புதியவர் தடுமாறுவார் என்றே அஞ்சுகிறேன்.

எனவே ‘இடுபெயர்’ என்பதை முன்மொழிகிறேன். பயனர் இட்ட பெயர், இடுகின்ற பெயர், இனி இடும் பெயர் என மூன்று காலத்தையும் தழுவும் வினைத்தொகை இது; இருக்கும் பெயர் அகற்றப்படுவதாக இதில் எந்தக் குறிப்பும் இல்லை. நன்னூலின் இடுகுறிப்பெயரோடு குழம்பாதா என்று கேட்கலாம். ‘எஸ்டி’ இடுகுறிக்கு நெருங்கியது, ‘அன்ஸ்டேஜ்’ காரணப்பெயரைப் போன்றது. இரண்டும் பயனர் இட்டவையே என்பதால் இச்சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

‘இடுபெயர் அமை’, ‘இடுபெயரை நீக்கு’ என்பன இயல்பாக வருகின்றன. ‘கிட் ஹெல்ப் எஸ்டி’ என்று கேட்டால் கிடைக்கும் விடையை, ‘எஸ்டி என்பது ஸ்டேட்டஸ் என்பதன் இடுபெயர்’ என்று எழுதலாம். இரண்டு இடுபெயர்கள் ஒன்றையொன்று சுட்டி முடிவின்றிச் சுழலும்போது வரும் பிழைச்செய்திக்கு ‘இடுபெயர்ச் சுழல்’ என்று எழுதிப் பார்த்தேன். அத்தொடருக்கு இதைவிடத் தெளிவான வடிவம் உங்களிடம் இருந்தால் தெரிவியுங்கள்.