பழைய கணினியின் பவர் சப்ளை: எரிந்த டிரான்சிஸ்டருக்கு மாற்று எது?

கேள்வி:
1980களைச் சேர்ந்த கணினி ஒன்றின் ஹாஃப் பிரிட்ஜ் வகை (இரண்டு டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இயங்கும்) பவர் சப்ளையில், முதன்மைப் பக்கத்து (வீட்டு மின்சாரம் நுழையும் பக்கத்து) இரண்டு டிரான்சிஸ்டர்களில் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டது. அதன்மேல் ‘சி2335’ என்று மட்டுமே அச்சிடப்பட்டுள்ளது. இதற்கு ஈடாக எதைப் பொருத்தலாம்?

பதில் 1:
ஜப்பானியக் குறியீட்டு முறையில் முன்னொட்டான ‘2எஸ்’ என்பதைப் பெரும்பாலும் அச்சிடுவதில்லை என்பதால், உங்களிடம் இருப்பது 2எஸ்சி2335. அது 400 வோல்ட், 7 ஆம்பியர் தாங்கும். எம்ஜேஇ13007 (400 வோல்ட், 8 ஆம்பியர்) அதே டிஓ-220 எனும் உறை வடிவில், அதே கால் வரிசையில் கிடைக்கிறது. இருந்தாலும் இரண்டின் தரவுத்தாளையும் (தயாரிப்பாளர் தரும் விவரக் குறிப்பு) ஒப்பிடாமல் பற்றவைக்க வேண்டாம்.

பதில் 2:
மேலே சொன்னது சரியே. ஆனால் வோல்டேஜும் ஆம்பியரும் மட்டும் பொருந்தினால் போதாது. அணைய எடுத்துக்கொள்ளும் நேரம் சப்ளையிலுள்ள இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கும் வேறுபட்டால், ஒன்று அணையும் முன்பே மற்றது இயங்கத் தொடங்கி, இரண்டும் நொடியில் எரிந்துவிடும். ஆகவே ஒன்று பழுதானாலும் இரண்டையும் ஒரே வகையில் மாற்றுங்கள். பேஸ் (டிரான்சிஸ்டரின் கட்டுப்பாட்டு முனை) பகுதியிலுள்ள சிறிய மின்பகு கெப்பாசிட்டர்களையும் மாற்றிவிடுங்கள். உண்மைக் குற்றவாளி பல நேரங்களில் அவைதாம். மாஸ்ஃபெட்டை (வேறு வகை டிரான்சிஸ்டர்) நேரடியாகப் பொருத்தும் ஆசை வேண்டாம், அதன் ‘கேட்’ எனும் கட்டுப்பாட்டு முனையை இயக்கும் முறையே வேறு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது என்ன பாதுகாப்பு தேவை?

பதில் 2:
குண்டு பல்பு ஒன்றை உள்வரும் மின்சார இணைப்பில் தொடரில் இணைத்து, வெளியீட்டில் சிறிய சுமை வைத்துத் தொடங்குங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. 230 வோல்ட் இணைப்பில் உள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் தேங்கும். கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரத்தை வடித்த பிறகே கை வையுங்கள்.